பதிப்பாசிரியருக்கு ஒரு பொன்னாடை

1807இல் லண்டனில் ஒரு வேதாகமம் அச்சாகி வந்தது. தலைப்பில் ஒளிவுமறைவே கிடையாது: பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள நீக்ரோ அடிமைகளின் உபயோகத்துக்கென்று தெரிந்தெடுத்த பரிசுத்த வேதாகமப் பகுதிகள். புராட்டஸ்டண்ட் சபைகளின் முழு வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். இதில் 232. பாக்கியைக் கத்தரித்து வீசிய மகானின் பெயர் முகப்பில் இல்லை. என்ன ஒரு தன்னடக்கம்! நம் ஊரில் நாலு பக்கம் பிழை திருத்தியவன்கூடப் பின்னட்டையில் படம் கேட்கிறான். கண்டவருக்கெல்லாம் பொன்னாடை போர்த்துகிற உலகம் இந்த மனிதரைக் கண்டுகொள்ளாமல் விட்டது பெரிய அநியாயம். அந்தக் குறையை இங்கே தீர்த்துவைக்கலாம் என்று பார்க்கிறேன்.

முதலில் அவருடைய கைவண்ணம். யாத்திராகமத்தில் எகிப்தை விட்டுப் புறப்படுகிற கதை முழுவதும் போயிற்று. மோசே பார்வோன் முன்னால் போய் நிற்பதில்லை. செங்கடல் பிளப்பதில்லை. இஸ்ரவேலர் எப்படியோ சீனாய் மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறார்கள். யார் பிடியிலிருந்து வந்தார்கள், ஏன் வந்தார்கள் என்று கேட்கக்கூடாது. வந்ததும் பத்துக் கட்டளைகள் தயார். களவு செய்யாதே என்பது அதில் உண்டு. தோட்டத்துக் கரும்பில் ஒரு துண்டை ஒடித்து வாயில் போட்டவனுக்காக. மனிதனையே களவாடி விற்றவனுக்கு மரண தண்டனை என்று அடுத்த அதிகாரத்தில் ஒரு சட்டம் வருகிறது. இடமின்மை காரணமாக அது சேர்க்கப்படவில்லை. யோசேப்பின் கதை மட்டும் பத்திரமாக இருக்கிறது: அண்ணன்மார் விற்றார்கள், பையன் அடிமையானான், முணுமுணுக்காமல் உழைத்தான், முன்னுக்கு வந்தான். வேலைக்காரருக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை உண்டா?

கூலி கொடுக்காமல் அயலானிடம் வேலை வாங்கி வீடு கட்டுகிறவனுக்கு ஐயோ என்று எரேமியா சபித்த இடம் இல்லை. ஒடுக்கப்பட்டவன் கடவுளைப் பார்த்துக் கதறுகிற சங்கீதங்கள் இல்லை. வெளிப்படுத்தின விசேஷம் அடியோடு இல்லை. அதில் பாபிலோன் வர்த்தகரின் சரக்குப் பட்டியல் ஒன்று வருகிறது, பொன், வெள்ளி, லவங்கப்பட்டை என்று போய்க் கடைசியில் மனித ஆத்துமாக்களில் முடிகிறது. ஜமைக்காவில் அதை எந்தப் பாதிரி எந்த முகத்தோடு வாசிப்பார்? பவுலின் நிருபங்களில், வேலைக்காரர் எஜமான்களுக்குப் பயத்தோடும் நடுக்கத்தோடும் கீழ்ப்படியவேண்டும் என்ற எபேசியர் பகுதி எழுத்துக்கு எழுத்து உண்டு. கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் சுயாதீனனென்றும் வேறுபாடில்லை என்று கலாத்தியருக்கு எழுதிய அதே பவுல் கத்தரிக்கோலுக்குப் பலியானார். அப்போஸ்தலரை நடுவில் கிழித்து, வேண்டிய பாதியை மட்டும் கப்பலேற்றிவிட்டார்கள்.

அந்த 1807இல்தான் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்தது. இனி ஆப்பிரிக்காவிலிருந்து புதுச் சரக்கு வராது. கையிருப்பைக் கவனமாகப் பேணவேண்டும். வேதாகமமும் சரியான சமயத்தில் வந்தது. இந்தப் பணிக்கு முன்நின்ற லண்டன் பிஷப் பெய்ல்பி போர்ட்டியஸ் கெட்ட மனிதரா என்றால், இல்லை. அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் பேசியவர். அடிமைகளைச் சொத்தாக வைத்திருந்த ஒரு மிஷன் சங்கத்தின் மேடையிலேயே ஏறி, 1783இல், அவர்கள் நிலையைச் சீர்ப்படுத்துங்கள் என்று பிரசங்கித்தவர். (அந்தச் சங்கம் நமக்கும் தூரத்துச் சொந்தம், பிறகு வருகிறேன்.) நல்லவர்கள் கையில்தான் கத்தரிக்கோல் இத்தனை சுத்தமாக வெட்டும். அயோக்கியனாக இருந்தால் புத்தகத்தையே கொளுத்தியிருப்பான்.

சாத்தான் வேதம் ஓதும் என்பார்கள். ஓதுவது எவருக்கும் வரும். பதிப்பிப்பதற்குப் படிப்பு வேண்டும். நம் பதிப்பாசிரியர் ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை வரிவரியாகப் படித்திருக்கிறார். எந்த வரி கரும்புத் தோட்டத்தில் நெருப்பு வைக்கும் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்திருக்கிறார். இந்தப் புத்தகம் சமத்துவத்தைப் போதிக்கிறதா, அடிமைத்தனத்தைப் போதிக்கிறதா என்று இருநூறு வருஷமாகப் பண்டிதர்கள் அடித்துக்கொள்கிறார்கள். தோட்ட முதலாளிக்கு அந்தச் சந்தேகம் ஒருநாளும் வந்ததில்லை. ஆபத்தில்லாத புத்தகத்தை யார் மெனக்கெட்டு வெட்டுவார்? வேதாகமத்தின் வல்லமைக்கு இத்தனை உறுதியான சாட்சியை எந்த விசுவாசியும் இதுவரை கொடுத்ததில்லை.

அவருக்கு முன்னோர்கள் உண்டு. ஞானஸ்நானம் கொடுத்தால் அடிமை சகோதரனாகிவிடுவானே, சகோதரனை எப்படிச் சந்தையில் விற்பது என்று வர்ஜீனியாவின் பக்திமான்களுக்கு ஒரு காலத்தில் பெரிய மனக்கலக்கம். 1667இல் அவர்களுடைய சட்டசபை அதைத் தீர்த்துவைத்தது: ஞானஸ்நானம் ஒருவனுடைய அடிமை நிலையை மாற்றாது. சட்டத்திலேயே காரணமும் எழுதியிருக்கிறது. இந்தச் சந்தேகம் நீங்கினால் எஜமான்கள் கிறிஸ்தவத்தைப் பரப்ப இன்னும் ஊக்கமாக முயல்வார்களாம்! பரலோகத்துக்குப் போகிற கதவைத் தாராளமாகத் திறந்து வைத்துவிட்டு, தோட்டத்துக் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார்கள். ஆத்துமா கடவுளுக்கு, உடம்பு எஜமானுக்கு. பாகப்பிரிவினையில் வில்லங்கமே இல்லை.

பிறகு எழுப்புதல் வந்தது. நம்மூர் எழுப்புதல் கூட்டங்களுக்கெல்லாம் பாட்டனார் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு. 1739இல் அமெரிக்கக் குடியேற்றங்களில் வெட்டவெளியில் நின்று அவர் முழங்கினால், மைக் இல்லாத காலத்திலேயே 30,000 பேர் காதில் விழும் என்று பெஞ்சமின் பிராங்க்ளின் தெருவில் பின்னோக்கி நடந்து அளந்து கணக்குப் போட்டார். நீ மறுபடியும் பிறக்கவேண்டும். பிரபுவானாலும் பாவி, சுரங்கத் தொழிலாளியானாலும் பாவி. பாவத்தில் எல்லாரும் சமம்! அந்தச் சமத்துவத்தை அவர் வஞ்சகமில்லாமல் வாரி வழங்கினார். 1740இல் தென்பகுதி எஜமான்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, நாய்களை மேசையருகே வைத்துக் கொஞ்சுகிறீர்கள், அடிமைகளுக்கு அந்தப் பாக்கியம்கூட இல்லையே என்று வறுத்தெடுத்தார். அதைப் படித்துவிட்டு எத்தனை அடிமைகள் அவருக்காக ஜெபித்திருப்பார்களோ.

ஜார்ஜியாவில் அப்போது அடிமை வைத்துக்கொள்ளத் தடை இருந்தது. 1735 முதல் சட்டம். ஒயிட்ஃபீல்டு அங்கே சவானா அருகில் பெதஸ்தா என்று ஓர் அநாதை இல்லம் நடத்திவந்தார். அநாதைகளுக்குச் சோறு போடப் பணம் வேண்டும். பணத்துக்கு நிலம், நிலத்துக்கு ஆள். ஆகவே அதே பேனாவை எடுத்து ஜார்ஜியாவை ஆண்ட தர்மகர்த்தாக்களுக்கு எழுதினார்: நீக்ரோக்கள் இல்லாமல் இந்த உஷ்ண தேசத்தில் விவசாயம் நடக்காது, தடையை எடுங்கள். பக்கத்துத் தென் கரோலினாவில் தோட்டம் வாங்கி அடிமைகளை வைத்துப் பயிரும் செய்தார். 1751இல் தடை நீங்கியது. ஆபிரகாம் வீட்டிலேயே பணம் கொடுத்து வாங்கினவர்கள் இருந்தார்களே, பிறகென்ன சந்தேகம் என்று அந்த வருஷமே எழுதி மனதைத் தேற்றிக்கொண்டார். 1770இல் கண்ணை மூடியபோது, பெதஸ்தாவின் நிலம், கட்டடம், அடிமைகள் எல்லாவற்றையும் ஹண்டிங்டன் சீமாட்டிக்கு உயில் எழுதி வைத்திருந்தார். மறுபடியும் பிறந்தவர்கள் சொத்துப் பட்டியலில் மேசை நாற்காலியோடு கைமாறினார்கள். வெள்ளைக்கார அநாதைக்குத் தகப்பனாவதற்காகக் கறுப்புக் குழந்தைகளை அநாதையாக்கிய இந்த ஏற்பாட்டுக்கு எழுப்புதல் வரலாறுகளில் பெயர் தர்மம்.

ஜான் நியூட்டனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் எழுதிய ‘அமேசிங் கிரேஸ்’ பாட்டைக் கேட்டு உருகாத சபை உலகத்தில் இல்லை. 1748இல் நடுக்கடல் புயலில் கடவுளைக் கூப்பிட்டு மனந்திரும்பினார். திரும்பியவர் அதற்குப் பிறகுதான் அடிமைக் கப்பலுக்குக் கேப்டனானார். 1754 வரை ஓட்டினார். மேல்தட்டில் ஜெபம், கீழ்த்தட்டில் சங்கிலி. நடுவே ஒரு பலகைதான். அந்தத் தொழிலை எதிர்த்து அவர் அச்சில் வாய் திறந்தது 1788இல். அந்தச் சாட்சியம் பிரயோஜனப்பட்டது, இல்லை என்று சொல்லவில்லை. கிருபை பலகையைத் துளைத்து இறங்க நாற்பது வருஷம் பிடித்தது என்று மட்டும் குறித்துக்கொள்வோம்.

எழுப்புதலால் எஜமானுக்கு என்ன ஆகும் என்பதை உள்ளேயிருந்து பார்த்து எழுதிய மனிதர் பிரெடரிக் டக்ளஸ். 1832 ஆகஸ்டில் மேரிலாந்தில் மெத்தடிஸ்டுகளின் முகாம்கூட்டம். டக்ளஸின் எஜமான் தாமஸ் ஆல்டு அங்கே போய் இரட்சிக்கப்பட்டு வந்தார். சரி, இனி விடுதலை செய்வார், இல்லாவிட்டால் இரக்கமாவது காட்டுவார் என்று பையன் நம்பினான். ஆல்டு வீட்டில் காலை ஜெபம், மாலை ஜெபம் வந்தது. பிரசங்கிமார் வந்து சாப்பிட்டுப் போனார்கள். அடிமைகள் அரைப்பட்டினி கிடந்தார்கள். ஊனமுற்ற ஓர் இளம்பெண்ணைக் கட்டிவைத்துச் சாட்டையால் ரத்தம் வரும்வரை அடித்தார் அந்தப் புது சிருஷ்டி. அடிக்கும்போது எஜமானுடைய சித்தம் அறிந்தும் செய்யாதவனுக்கு அடி அதிகம் என்ற லூக்கா வசனத்தைச் சொல்லிக்கொண்டே அடித்தார். முன்பு தன் மூர்க்கத்தை மட்டும் நம்பி அடித்தவருக்கு இப்போது கடவுளின் சிபாரிசும் கிடைத்துவிட்டது என்பதுதான் 1845இல் டக்ளஸ் தன் சரிதத்தில் சொன்னதன் சாரம். இரட்சிக்கப்பட்டது சாட்டை. அந்த ஊரில் கறுப்பர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடி வேதம் வாசிக்கப் பழகினார்கள். தடியோடு வந்து அதைக் கலைத்தவர்கள் சபையின் வகுப்புத் தலைவர்கள்.

மெத்தடிஸ்டுகள் 1784இல் பால்டிமோரில் கூடி, உறுப்பினர்கள் தங்கள் அடிமைகளை விடுவிக்கவேண்டும் என்று விதி போட்டார்கள். ஆறு மாதத்தில் அந்த விதியை நிறுத்திவைத்தார்கள். பணக்கார உறுப்பினர் முகம் சுளித்தால் பரிசுத்த ஆவியானவரும் கூட்டத்தை ஒத்திவைக்கவேண்டியதுதான். தென்பகுதி பாப்டிஸ்டுகள் இன்னும் வெளிப்படையானவர்கள்: அடிமை வைத்திருப்பவர் மிஷனரியாகப் போகலாமா கூடாதா என்ற சண்டையில் 1845இல் தனிச் சபையே கட்டிக்கொண்டார்கள். வருந்துகிறோம் என்று தீர்மானம் போட்டது 1995இல். நூற்றைம்பது வருஷம் யோசித்திருக்கிறார்கள். அவசரப்பட்டு மன்னிப்புக் கேட்டவர்கள் என்று யாரும் குறைசொல்ல முடியாது.

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி நிற்கிறது. எஜமான் கொடுத்த புத்தகம், எஜமான் வைத்த பிரசங்கி, எஜமான் வெட்டிய பக்கம். அடிமை ஏன் அதைத் தூக்கி எறியவில்லை? எறியாததற்குக் காரணம் அவனுக்கு அதில் வேறொன்று கேட்டது. பிலடெல்பியாவின் செயின்ட் ஜார்ஜ் மெத்தடிஸ்ட் ஆலயத்தில் கறுப்பர்கள் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தபோது, இந்த இடம் உங்களுக்கில்லை, எழுந்திரு என்று அப்சலோம் ஜோன்ஸைப் பிடித்து இழுத்தார்கள். ஜெபம் முடியட்டும் என்றார் அவர். முடிந்ததும் ரிச்சர்டு ஆலனும் அவரும் மற்றவர்களும் ஒரே கூட்டமாக வெளியேறினார்கள். 1816இல் ஆலன் தலைமையில் தனித் திருச்சபை உருவானது. அவர்கள் வெளியே நடந்தது யாத்திராகமம். வெள்ளைக்காரர் அதை உள்ளே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜமைக்காவில் சாமுவேல் ஷார்ப் பாப்டிஸ்ட் சபை டீக்கன். அடிமை, ஆனால் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவர். இரண்டு எஜமான்களுக்கு ஊழியம் செய்ய ஒருவனாலும் கூடாது என்ற வசனத்தை வாசித்து, அதை அப்படியே நம்பிவிட்டார். பிரசங்கிகள் செய்யாத தவறு. 1831 கிறிஸ்துமஸ் முடிந்ததும் கூலி கொடுத்தால்தான் கரும்பு வெட்டுவோம் என்று ஜெபக்கூட்டங்களில் சத்தியம் வாங்கினார். பல்லாயிரம் பேர் எழுந்தார்கள், தோட்டங்கள் எரிந்தன. கலகத்தில் செத்த வெள்ளையர் 14 பேர். பதிலுக்குச் சட்டப்படி தூக்கிலும் துப்பாக்கியிலும் போட்ட கறுப்பர் முந்நூறுக்கு மேல். 1832 மே 23இல் மான்டெகோ விரிகுடாவில் ஷார்ப்பைத் தூக்கிலிட்டார்கள். சபைக்காரத் தோட்ட முதலாளிகள் சர்ச் பெயரிலேயே ஒரு யூனியன் அமைத்துக்கொண்டு, பாப்டிஸ்ட், மெத்தடிஸ்ட் ஆலயங்களைத் தேடித்தேடி இடித்தார்கள், கொளுத்தினார்கள். ஒரு வேதவசனத்துக்காக ஆலயத்தைக் கொளுத்துகிறவனுக்கு அந்த வசனம் எவ்வளவு நன்றாகப் புரிந்திருக்கவேண்டும்! பதிப்பாசிரியரின் உழைப்பு வீணானது இங்கேதான். அவர் வெட்டியது அடிமையின் காதுக்கு எட்டாமல் இருக்கவில்லை. வெட்டாமல் விட்ட பக்கத்திலேயே போதுமான வெடிமருந்து கிடந்தது.

அடுத்த வருஷமே, 1833இல், அடிமை ஒழிப்புச் சட்டம். நஷ்ட ஈடாக இரண்டு கோடி பவுன் கொடுத்தார்கள். யாருக்கு? சொத்தை இழந்து வாடிய எஜமான்களுக்கு! சவுக்கடி வாங்கிய முதுகுக்குக் கால் பென்னி கிடையாது. அதற்கு வாங்கிய கடனை பிரிட்டிஷ் அரசாங்கம் அடைத்து முடித்தது 2015இல். ஈடு வாங்கினவர் வரிசையில் நான் மேலே சொன்ன சங்கமும் நின்றது: சுவிசேஷம் பரப்பும் சங்கம், நம் திருநெல்வேலிக்காரருக்குப் பழகிய பெயரில் எஸ்.பி.ஜி. பார்படோஸில் கோட்ரிங்டன் தோட்டங்கள் 1710 முதல் அதற்குச் சொந்தம். தொடக்க காலத்தில் அங்கே அடிமைகளின் நெஞ்சில் சங்கம் என்ற பெயரையே பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டார்கள். அடிமைகளை இழந்த துயரத்துக்கு 8,823 பவுன், 8 ஷில்லிங், 9 பென்ஸ் பெற்றுக்கொண்டார்கள். அந்த 9 பென்ஸைக்கூட விடவில்லை பாருங்கள், அதுதான் பரிசுத்தவான்களின் கணக்கு. இங்கிலாந்து திருச்சபை 2006இல் மன்னிப்புக் கேட்டது.

அதே சங்கத்து மிஷனரியாகத்தான் பிறகு கால்டுவெல் இடையன்குடியில் இருந்தார். பார்படோஸில் நடந்ததற்கு அவர் பொறுப்பில்லை. வெள்ளைக்காரன் அப்படித்தான் என்று இங்கே உட்கார்ந்து உச்சுக் கொட்டுகிற நமக்கும் அந்த வம்சத்தில் பங்கு உண்டு என்பதற்காகச் சொன்னேன். பங்கு மட்டுமா? ஒரு விஷயத்தில் அவர்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டோம். அவர்கள் பாவம், புத்தகத்தை வெட்டவேண்டியிருந்தது. நமக்குக் கத்தரிக்கோலே தேவைப்படவில்லை. முழு வேதாகமத்தை, கலாத்தியர் மூன்றாம் அதிகாரம் உட்பட, செந்தமிழில் அச்சிட்டு, கட்டம் போட்டு, தோல் அட்டை போட்டு, கக்கத்தில் வைத்துக்கொண்டு சாதிவாரியாக உட்கார்ந்தோம்.

கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல், அதாவது அந்த அடிமை ஒழிப்புச் சட்டம் வந்த வருஷத்தில், சபைக்குள் சாதி ஒழியவேண்டும் என்று கண்டிப்பாகச் சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் நூற்றுக்கணக்கானோர் சாதியை விடாமல் சபையை விட்டார்கள். தமிழ்ச் சபைகள் இன்றும் பாடுகிற கீர்த்தனைகளை எழுதிய வேதநாயக சாஸ்திரியாரே சாதி ஆசாரத்துக்கு வக்காலத்து வாங்கி எழுதியவர். கத்தோலிக்கரைக் கேளுங்கள்: வடக்கன்குளத்தில் 1872இல் எழும்பிய ஆலயத்துக்குப் பீடம் ஒன்று, அதிலிருந்து கால்சட்டை மாதிரி இரண்டு கால்கள். ஒரு காலில் வெள்ளாளர், மறு காலில் நாடாரும் மற்றவர்களும். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நடுவில் ஒரே இயேசு. 1910 வாக்கில் சாமியார் தடுப்பை இடித்தபோது, தடுப்பு எங்கள் உரிமை என்று வழக்குப் போட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் வரை ஏறினார்கள். கோர்ட்டு தள்ளுபடி செய்தது. கலாத்தியர் நிருபத்தை அமல்படுத்த ஆங்கிலேய நீதிமன்றம் வேண்டியிருந்தது!

பழைய கதை என்று தள்ளவேண்டாம். எறையூரில் 2008 மார்ச்சில், எங்களுக்குத் தனிப் பங்குச் சபை வேண்டும் என்று தலித் கத்தோலிக்கர் கேட்டதற்குச் சக விசுவாசிகள் வீடு புகுந்து தாக்கினார்கள். கலவரம், போலீஸ் துப்பாக்கிச் சூடு, இரண்டு சாவு. திருச்சியில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சாதி, இந்தப் பக்கம் ஒரு சாதி. கடைசி எக்காளம் தொனிக்கும்போது மரித்தோர் எழுந்து தங்கள் தங்கள் வாசல் வழியாக வரிசையில் வருவார்கள் போலிருக்கிறது.

இதற்கெல்லாம் மகுடம் வைத்தது 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை. பட்டியல் சாதி என்றால் இந்துவாக இருக்கவேண்டும். 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவருக்குக் கிடையாது. ஏன் என்று கேட்டால், கிறிஸ்தவத்தில்தான் சாதி இல்லையே என்கிறார்கள். அப்பேர்ப்பட்ட பக்தி இந்திய அரசாங்கத்துக்கு. பவுல் எழுதியதை முழுக்க நம்பிய ஒரே நிறுவனம் அதுதான். சலுகை கேட்டு மனு கொடுக்கிற தலித் கிறிஸ்தவரிடம் தாசில்தார் ஆபீசில், உங்களுக்குச் சாதி கிடையாது, போங்கள் என்கிறார்கள். அவருடைய அப்பா இறந்த அன்று கல்லறைத் தோட்டத்து வாசலில், உங்கள் சாதிக்கு அந்தப் பக்கம், போங்கள் என்கிறார்கள். தாசில்தாரையும் கல்லறைக் கமிட்டித் தலைவரையும் ஒரு மேசையில் உட்காரவைத்து, இருவரில் யார் சொல்வது பொய் என்று ஒரு முடிவுக்கு வரச் சொல்லுங்கள். அவசரமில்லை, பாப்டிஸ்டுகள் நூற்றைம்பது வருஷம் எடுத்துக்கொண்டார்கள். அதுவரை பிணத்தை எந்த வாசலில் இறக்கிவைப்பது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.